பெயர்ப்பலகையை எழுதியவர் யார்?

கடைப் பெயர்ப்பலகைகள் தமிழில் இருத்தல் வேண்டும் என்று நாம் கேட்கத் தொடங்கிய காலம் நெடிது. சட்டமும் நம் பக்கமே நிற்கின்றது. கடைகள், நிறுவனங்கள் பற்றிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பெற்ற விதிகளின்படி, பலகையில் தமிழே முதலிடம் பெறுதல் வேண்டும். பிறமொழிகளும் இடம்பெறின், தமிழுக்கு ஐந்து பங்கும், ஆங்கிலத்துக்கு மூன்று பங்கும், வேறொரு மொழிக்கு இரண்டு பங்கும் என்று அரசு அளவும் வகுத்திருக்கின்றது. இந்த ஐந்து-மூன்று-இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தெருத்தெருவாக நடந்தோம், கடைக்காரர்களிடம் வேண்டுகை மடல் நீட்டினோம், இணங்காதவரைக் கடிந்தோம். செய்ய வேண்டிய பணிதான், குறை சொல்வதற்கில்லை.

ஆயின், அப் பலகையை எழுதிய கை யாருடையது? எழுதியவர்க்குக் கூலி கொடுத்த கடைக்காரர் யார்? அக் கடைக்காரரிடம் நாம் ஒரு படி பருப்பாவது வாங்குகின்றோமா? இம் மூன்று கேள்விகளை நம் கூட்டங்களில் எவரும் எழுப்பி நான் கேட்டதில்லை. பலகைத் தமிழை மட்டும் காத்துவிட்டுப் பலகைக்குக் கீழே உள்ள கடையைக் கைவிட்டோமானால், நாளைக்குப் பலகை தொங்குவதற்குச் சுவரே இராது.

ஆனைக்குட்டத்தில் இருந்துகொண்டு இதனை எழுதுகின்றேன். குட்டம் என்பது ஆழமான நீர்நிலையைக் குறிக்கும் பழஞ்சொல்; அருச்சுனா ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் அமைந்தபின் ஊர்ப்பெயர் முன்னினும் நன்றாகப் பொருந்திவிட்டது. எமக்கு ஒருபுறம் விருதுநகர், மறுபுறம் சிவகாசி. முன்னது வணிகத்தால் வளர்ந்தது. பின்னது தீப்பெட்டி, வெடி, அச்சு என்னும் மூன்றால் வளர்ந்தது. பெயர் ஒன்றின் அருமையை இம் மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாய்நிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்னும் பெயர் வேண்டும் என்பதை முதன்மையாக வைத்து, 27-7-1956 அன்று உண்ணாநோன்பு தொடங்கி, 76 நாள் கிடந்து, அக்டோபர் 13-ஆம் நாள் உயிர்நீத்த சங்கரலிங்கனார் நோன்பிருந்த இடம் இவ் விருதுநகரே. அப் பெயர் நாட்டுக்கு வாய்க்கப் பின்னும் பன்னீராண்டுக்கு மேலாயிற்று. இத்தகைய மண்ணிலிருந்து பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசுவது மிகையாகாது.

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றை முதலில் நினைவூட்டுவேன். கடையும் கலையும் வெவ்வேறு உலகம் என்று எண்ணும் பழக்கம் நமக்குப் பிற்காலத்தில் வந்தது. கழகக்காலப் புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் - துணிக்கடைக்காரர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் - தவசக்கடைக்காரர். உறையூர் இளம்பொன் வாணிகனார் - பொன் விற்றவர். இவர்கள் கடையை மூடிவிட்டுப் பாட்டெழுத வந்தவர்களாகத் தங்களைக் காட்டிக்கொள்ளவில்லை; கடையையே பெயருக்கு அடையாகக் கொண்டார்கள். பகலங்காடிக்கு நாளங்காடி என்றும், இரவங்காடிக்கு அல்லங்காடி என்றும் தனித்தனிப் பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. வணிகர் விலை சொல்லும் முறையையும் அவர்தம் நடுவுநிலையையும் பட்டினப்பாலை பாராட்டிப் பேசுகின்றது. வேந்தர்கள் புலவரைப் புரந்த செய்தியையே நாம் வகுப்பில் மீண்டும் மீண்டும் ஓதுகின்றோம். வேந்தர் மறைந்தபின் கலைஞனைப் புரந்தவர் யார் என்று ஒரு மாணவன் கேட்டால், எங்கள் வட்டாரத்தில் அதற்கு விடை ஒன்றுதான்: கடைக்காரர்.

சிவகாசி நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்த செய்தி பலரும் அறிந்ததே. தீப்பெட்டி வந்தது, வெடி வந்தது, அவற்றின்மேல் ஒட்டும் படச்சிட்டைகளை அச்சிட அச்சகங்கள் வந்தன. அச்சகங்கள் வந்தபின் நாட்காட்டி வந்தது. நாட்காட்டிக்குப் படம் வேண்டும். படம் வரைந்து தந்தவர்கள் கோயில்பட்டியில் இருந்தார்கள்.

கொண்டையராசு என்னும் பெயரை இன்றைய இளைஞரில் எத்துணைப் பேர் அறிவர்? 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்த ஓவியர் அவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமணரை அடுத்துச் சிலகாலம் இருந்தவர். பின்னர் நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகத் திரிந்தவர். குழு கலைந்தபின் கோயில்பட்டியிலேயே தங்கிவிட்டார். சுப்பையா, இராமலிங்கம், அருணாசலம் முதலிய மாணவர்கள் அவரிடம் உருவானார்கள். பணம் கட்டிச் சேரும் கல்லூரி அன்று அது. ஆசிரியரோடு இருந்து, வண்ணம் குழைத்து, திரையில் வானமும் மரமும் தீட்டிப் பழகி, பின்னரே முகம் வரையத் துணிந்த பழைய முறை. அக் கைகளினின்று வெளிவந்த படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே தமிழகத்து வீடுகளின் சுவரெல்லாம் ஏறின. தெற்கே குமரிமுனையில் ஒரு தேநீர்க் கடையிலும் வடக்கே எங்கோ ஒரு துணிக்கடையிலும் ஒரே திருமகள் படம் தொங்கியது என்றால், அதனை வரைந்தவர் இக் கரிசல் நிலத்தில் ஒரு சிறு கூடத்தில் தரையில் அமர்ந்திருந்த ஓவியர். (கடவுட் படங்களைப் பற்றி நம்முள் கருத்து வேறுபாடு உண்டு, அதனை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். தூரிகையின் திறம் வேறு, படத்தின் பொருள் வேறு.)

அந்த ஓவியர்க்குப் படியளந்தவர் யார்? அச்சகத்தார் என்பீர்கள். அச்சகத்தார்க்குப் படியளந்தவர்? ஆண்டுதோறும் ஐந்நூறு, ஆயிரம் என்று நாட்காட்டி வாங்கி, அடியில் தம் கடைப்பெயரை அச்சிட்டு, பொங்கலுக்கு முன்னர்த் தம்மிடம் பொருள் வாங்குவோர்க்கு இலவயமாகக் கொடுத்தாரே, அந்தப் பலசரக்குக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர். கொடுப்போர் பல்லாயிரவர், ஒவ்வொருவர் கொடுப்பதும் சிறிது. ஓர் அரசனும் ஒரு வள்ளலும் இன்றி ஓர் ஓவிய மரபு இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தது இப்படித்தான். நாம் கடையில் கொடுத்த காசில் ஓர் அரைக்காசு, நாம் அறியாமலேயே கோயில்பட்டிக்குப் போயிற்று.

இன்று கைப்பேசியில் விரலால் தொட்டுப் பொருள் வாங்குகின்றோமே, அந்த நிறுவனம் நம் வீட்டுக்கு நாட்காட்டி கொடுத்ததுண்டா? நம் ஊர் நாடகத்துக்குத் திரை எடுத்துக் கொடுத்ததுண்டா? பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பரிசுப் பாத்திரம் கேட்டு அதன் வாயிலில் போய் நிற்க முடியுமா? அதற்கு வாயிலே இல்லையே! பொருள் கொணரும் இளைஞர் நம் பிள்ளை; வெயிலில் ஈருருளியில் அலையும் அவர்மேல் நமக்கு வருத்தம் இல்லை. அவர்க்குப் பின்னால் உள்ள பணம் எங்கே போகின்றது என்பதே கேள்வி.

பலகை எழுதும் ஓவியர்க்கு வருவோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்வரை எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில்கூட ஒருவர் இருவர் இருந்தார்கள். சுண்ணக்கட்டி தடவிய நூலை இழுத்துத் தட்டிக் கோடு போடுவார்கள். எழுத்தின் உடலைக் கரியால் குறித்துக்கொள்வார்கள். மெல்லிய மயிர்த்தூரிகையால் ஒரே இழுப்பில் 'கூ'வின் வாலை முடிப்பார்கள். கடைசியாக எழுத்துக்கு நிழல் தருவார்கள். அந்நிழல் இடப்பக்கம் விழுமா வலப்பக்கம் விழுமா என்பதைக் கொண்டே எழுதியவர் இன்னார் என்று சொல்லிவிடலாம். ஓவியர் ஒருவர் ஒவ்வொரு பலகைக்கும் முன் பள்ளிக்கு வந்து என்னிடம் கேட்டுப் போவார்: "ஐயா, எண்ணெய்க் கடையில் ஒற்று மிகுமா? பாத்திரக் கடைக்கு வல்லின றகரமா இடையின ரகரமா?" தவறாக எழுதிவிட்டால் பத்தாண்டு ஊர் பார்க்கும் என்னும் அச்சம் அவர்க்கு இருந்தது. தாம் எழுதிய பலகையின் மூலையில் அவர் தம் பெயரோடு 'ஆர்ட்சு' என்று போட்டுக்கொண்டதற்காக நான் அவரோடு பலமுறை சண்டையிட்டதுண்டு. 'ஓவியக்கூடம் என்று போட்டால் என்னை யார் ஐயா தேடி வருவார்?' என்று சிரிப்பார். அச் சண்டையில் அவர் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு பிளெக்சு என்னும் நெகிழித்திரை வந்தது. ஒரு மணிநேரத்தில் பதினைந்தடிப் பதாகை. எழுதுகூலியில் சிறுபங்கே விலை. ஓவியர்கள் ஓராண்டு ஈராண்டுக்குள் தூரிகையை வைத்துவிட்டார்கள். சிலர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். சிலர் வெடியாலையில் நாட்கூலிக்குச் சேர்ந்தார்கள். நெகிழித்திரையில் எழுத்தை அமைப்பவர் கணினியில் கிடைத்த எழுத்துருவை இட்டு நீட்டுகின்றார், குறுக்குகின்றார். ஒற்று விழுந்தாலும் விழாவிட்டாலும் அவர்க்கு ஒன்றே. ஏனெனில் அத்திரை ஒரு திங்களில் கிழிந்துவிடும். கிழிவதற்கு முன் அது செய்யும் கொடுமையோ சொல்லி முடியாது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு திருமணத்துக்காகச் சாலையில் கட்டிய பதாகை சரிந்து, ஈருருளியில் வந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை நாடு கண்டு பதறியது. சுவரில் எழுதிய எழுத்து எவர்மேலும் விழுந்ததில்லை.

இங்கே நம்மவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சனவரி 25-ஆம் நாள் மொழிப்போர் ஈகியர் நாள் கொண்டாடுகின்றோம். மேடைக்குப் பின்னால் தொங்குவது என்ன? நெகிழித்திரை. அதில் ஈகியர் படங்கள் மங்கியும் நீண்டும் கிடக்கும். 'வீரவணக்கம்' என்பதற்கு நடுவே ஒரு வெற்றிடம் விழுந்திருக்கும். தனித்தமிழ் பேசும் மேடைக்குப் பின்னால் தமிழ் எழுதத் தெரிந்த ஒரு கைக்கு வேலையில்லை! நம் மாநாட்டுச் செலவில் உணவுக்கும் ஊர்திக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்குண்டு, ஓவியர்க்கு உண்டா? துணித்திரை எழுதுவதற்கு நெகிழித்திரையைவிடச் செலவு கூடுதல்தான், மறுக்கவில்லை. அதே துணியை அடுத்த ஆண்டும் கட்டலாமே.

விலை குறைவு என்னும் வாதத்தைப் பலரும் பெரிதாகப் பேசுகின்றார்கள். ஊர்க்கடையில் பன்னிரண்டு உருபா கூடுதல்; இணையத்தில் தள்ளுபடி; ஏழை எப்படிக் கூடுதல் கொடுப்பான் என்கின்றார்கள். இந்தத் தள்ளுபடி நமக்குப் புதிதன்று. எங்கள் ஊரிலிருந்து தெற்கே இரண்டு மணிநேரத்தில் தூத்துக்குடி. அங்கே 1906-இல் வ. உ. சிதம்பரனார் கப்பல் நிறுவனம் தொடங்கினார். ஒரு பங்கு 25 உருபா, 40,000 பங்கு, பத்து இலக்கம் திரட்டுவது நோக்கம். அந்நிறுவனத்துக்குத் தலைவராக அமர்ந்தவர் யார் தெரியுமா? 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர். முகமது பக்கீர் சேட்டு என்னும் பெருவணிகர் ஒருவரே 8,000 பங்கு எடுத்தார். தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்தவரே கப்பல் வணிகத்துக்கும் தலைமை தாங்கினார் என்னும் இச்செய்தியை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. மொழியும் வாணிகமும் ஒரே வீட்டின் இரு அறைகள் என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது.

வெள்ளையர் கப்பல் நிறுவனம் என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. சிதம்பரனார் நிறுவனமும் குறைத்தது. வெள்ளையர் கட்டணமே வேண்டா என்றார்கள். ஏறுவோர்க்குக் குடை ஒன்றும் இலவயமாகத் தந்தார்கள். அவ்விலவயக் குடைக்காக எத்துணைப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்களோ! 1908-இல் சிதம்பரனார் சிறை சென்றார். 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. குடை கொடுத்தவர்கள் மழையின்மேல் இரக்கங்கொண்டு கொடுக்கவில்லை. எதிரிலுள்ள கப்பல் கரையேறிவிடக் கூடாதே என்று கொடுத்தார்கள். இன்று நம் கைப்பேசிக்கு வரும் தள்ளுபடி ஒவ்வொன்றும் அந்தக் குடையின் பேரப்பிள்ளை. கொடுப்பவர் பல ஆண்டு நட்டத்தைத் தாங்கும் பணமூட்டை உடையவர். எதிரிலிருக்கும் ஊர்க்கடைக்காரர் மூன்று திங்கள் நட்டத்தைத் தாங்க மாட்டார். இப்போட்டியில் யார் வெல்வார் என்பதைச் சொல்லக் கணக்காசிரியர் வேண்டியதில்லை.

ஏழை எங்கே போவான் என்றால், ஏழைக்குக் கடன் கொடுப்பவர் யார் என்று திருப்பிக் கேட்பேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெடியாலைகளும் அச்சகங்களும் மூடப்பட்டன, நாட்கூலி நின்றது. அப்போது ஆனைக்குட்டத்திலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அடுப்பு எரிந்தது என்றால், கோடுபோட்ட ஏட்டில் பெயர் எழுதி அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்த கடைகளாலும் அரசுப் பங்கீட்டுக் கடையாலும் எரிந்தது. கைப்பேசிக் கடை ஏட்டில் பெயர் எழுதாது. முன்பணம் இல்லையேல் பொருள் இல்லை.

வெடித்தொழிலிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 23-10-2018 அன்று உச்சநீதிமன்றம் வெடி விற்பனையை உரிமம் பெற்ற கடைகளே செய்தல் வேண்டும் என்றும், இணைய வழியே விற்றல் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. மன்றம் அதனைக் காற்றுத் தூய்மையையும் காப்பையும் கருதிச் சொன்னதேயன்றிக் கடைக்காரர்மேல் கொண்ட அன்பினால் அன்று. ஆயினும் எங்கள் வட்டாரத்து வெடிக்கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். இணைய விற்பனையால் தங்கள் பிழைப்புப் போகின்றது என்று முறையிட்டவர்கள் அல்லரோ! அவர்களுள் பலர் வீட்டுக்குத் துணியும் செருப்பும் மாவரைக்கும் பொறியும் எங்கிருந்து வருகின்றன? அட்டைப்பெட்டியில் வருகின்றன. தன் கடைக்கு ஒரு முறை, அடுத்தவன் கடைக்கு வேறொரு முறையா?

நாம் ஒன்றுபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஒன்றுபட்டது நீடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே சான்று. 2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக இளைஞர் கடற்கரையில் கூடினார்கள். அதனையொட்டி வணிகர் அமைப்புகள் மார்ச்சு முதல் நாளிலிருந்து பெப்சி, கோக்கோ கோலா ஆகியவற்றை விற்பதில்லை என்று முடிவு செய்தன. அப்போது தமிழகம் முழுவதும் தேடி வாங்கிய குடிநீர்மம் பொவண்டோ. அதனைச் செய்யும் காளிமார்க்கு நிறுவனம் 1916-இல் விருதுநகரில் பழனியப்ப நாடாரால் தொடங்கப்பெற்றது. பொவண்டோ என்பது எம்மொழிச் சொல் என்று என் மாணவர் கேட்டால் எனக்கு விடை தெரியாது. தமிழன்று என்பது மட்டும் உறுதி. ஆயினும் நூறாண்டு கடந்த அந்த ஊர்த்தொழில் அன்று நிமிர்ந்து நின்றதைக் கண்டு மகிழ்ந்தேன். நாள்கள் செல்லச் செல்ல விலக்கிய புட்டிகள் குளிர்ப்பெட்டிகளுக்குத் திரும்பிவிட்டன. சினம் ஒரு கிழமைக்குப் போதும். பழக்கமே ஆண்டுக்கணக்கில் நிற்கும். சாத்தூர்ச் சேவு, திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கோயில்பட்டிக் கடலைமிட்டாய் ஆகியவற்றின் நிலையும் இதுவே. பின்னிரண்டும் 2019-இலும் 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன என்று கைதட்டினோம். வாங்கும்போது அவ்வூர்ப் பெயரை ஒட்டிய எந்தப் பொட்டலத்தையும் எங்கேயும் வாங்குகின்றோம்.

தம் மொழியைப் போற்றும் மக்கள் கடையையும் சேர்த்துப் போற்றுவதைப் பிரான்சு நாட்டில் காணலாம். அங்கே 1981-இல் ஒரு சட்டம் செய்தார்கள். நூலுக்குப் பதிப்பகத்தார் குறித்த விலையே எங்கும் விலை; ஐந்து விழுக்காட்டுக்கு மேல் எவரும் தள்ளுபடி செய்தல் கூடாது. பெருங்கடைகள் நூலை அடிமாட்டு விலைக்கு விற்றுச் சிறு நூற்கடைகளைக் கொன்றுவிடாமல் காக்கவே இது. இணைய வணிகர்கள் அஞ்சற்கட்டணத்தை இலவயமாக்கிச் சட்டத்தைச் சுற்றி வந்தார்கள். அதற்கும் வழிசெய்தார்கள்: 35 யூரோவுக்குக் குறைந்த நூல்களை வீட்டுக்கு அனுப்பக் குறைந்தது மூன்று யூரோ வாங்கியே ஆகவேண்டும் என்று 2023 அக்டோபரிலிருந்து நடைமுறை. பிரெஞ்சு மொழிக்கெனத் தனிச்சட்டம் 1994-இல் செய்த அதே நாடு இது. பலகையில் மொழியும், கடையில் நூலும், தெருவில் கடையும் ஒன்றையொன்று தாங்குவன என்று அவர்கள் தெரிந்து வைத்திருக்கின்றார்கள். நமக்கோ சட்டம் பலகையோடு நின்றுவிட்டது.

விருதுநகர் வணிகர்க்கு இந்த உண்மை பழமையானது. மகமை என்னும் முறையை இளைஞர் அறிய வேண்டும். கடைக்கு வந்து போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறுதொகை எடுத்துப் பொதுவில் சேர்த்தார்கள். வீட்டுப் பெண்டிர் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்தார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். 1889-இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு வளர்ந்தது. பின்னாளில் தமிழகமெங்கும் பள்ளி திறந்த காமராசர் சிறுவராய்ப் படித்தது அப் பள்ளியிலேதான். பிடியரிசியில் ஒரு பள்ளி எழும் என்பதைக் கண்ணாற் கண்டவர் பிறகு நாட்டுக்குப் பள்ளி கட்ட அஞ்சுவாரா?

மகமை ஒரு குலத்தார் தமக்குள் வகுத்த முறை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோயிலுக்குள்ளும் தெருவுக்குள்ளும் நுழையவிடாமல் பிறர் தடுத்த காலத்தில், தம் கையே தமக்கு உதவி என்று எழுந்தவர்கள் அவர்கள். அவர்க்கு அன்று அது தேவையாயிற்று. இன்று அம்முறை குலத்தின் எல்லையைக் கடந்து ஊரின் முறையாதல் வேண்டும். கடைக்காரர் எக் குலத்தவராயினும், ஓவியர் எக் குலத்தவராயினும், ஊர்ப்பணம் ஊரில் ஒரு சுற்றுச் சுற்றிய பின்னரே வெளியே போகட்டும். 'நம்மவர் கடை' என்று சொல்லும்போது சாதியை நினைப்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஊர்க்காரர் என்பதனாலேயே ஒருவர் நல்லவராகிவிடார் என்பதையும் சேர்த்தே சொல்கின்றேன். சிவகாசியின் செல்வம் முழுவதும் தூய்மையானதன்று. பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் தீப்பெட்டி அடுக்கிய நெடுங்காலம் ஒன்று உண்டு. அதனை ஒழிக்க எத்துணையோ பேர் போராட வேண்டியிருந்தது. எடைக்குறைவும் கலப்படமும் ஊர்க்கடையிலும் உண்டு. கலப்பட மல்லித்தூளைத் தமிழ்ப் பலகைக்குக் கீழே விற்றால் அது தமிழ்த்தூள் ஆகிவிடாது. இன்னொரு நோய், பெயர் நோய். கடைக்காரர் தந்தை வைத்த 'பலசரக்குக் கடை' என்னும் பெயரை மகன் 'மார்ட்' என்று மாற்றுகின்றார். பெருங்கடையைப் போலத் தோன்றினால் பெருங்கடையைப் போல விற்கும் என்று நம்புகின்றார். பெருங்கடையைப் போல ஆக விரும்புவோர் பெருங்கடையிடம் தோற்பது உறுதி. அவரிடம் நாம் கண்டிப்பாகப் பேசலாம். ஆனால் அவரிடம் பொருள் வாங்குகின்றவர் பேசினால்தான் அவர் செவி கொடுப்பார். ஆண்டு முழுவதும் அட்டைப்பெட்டியில் வாங்கிவிட்டு, ஒருநாள் மட்டும் வேண்டுகை மடலோடு கடைவாயிலில் நிற்பவர்க்கு என்ன மதிப்பு இருக்கும்? "பொருள் வாங்க வராத ஐயா, பலகை பார்க்க வந்துவிட்டார்" என்று அவர் நினைத்தால் அதில் பிழை என்ன?

என் வேண்டுகை பெரிதன்று. நம் மன்றங்கள் ஒவ்வொன்றும் தம் ஊரில் தூரிகையை வைத்துவிட்ட ஓவியர் எவரேனும் உளரா என்று தேடட்டும். எங்கள் பக்கம் இன்னும் சிலர் இருக்கின்றார்கள்; கை நடுங்கத் தொடங்கும் முன் அவர்களிடம் இரண்டு இளைஞரைச் சேர்த்துவிட வேண்டும். மாநாட்டுத் திரையை அவர்களே எழுதட்டும். பலகையைத் தமிழுக்கு மாற்ற இசையும் கடைக்காரர்க்கு எழுதுகூலியில் பாதியை மன்றம் கொடுக்கட்டும். வேண்டுகை மடல் அச்சிடும் செலவைவிட அது நன்றாகச் செலவாகும். பொங்கலுக்கு வாங்கும் வெல்லம், பச்சரிசி, மஞ்சள், புதுத்துணி ஆகிய இவற்றையேனும் தமிழ்ப்பலகை தொங்கும் ஊர்க்கடையில் வாங்குவது என்று நம் குடும்பங்கள் முடிவு செய்யட்டும்.

நாட்காட்டி பற்றியும் ஒரு செய்தி. அடுத்த ஆண்டு நாட்காட்டிகளின் தொகுப்பைச் சிவகாசி அச்சகத்தார் ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது வழக்கம். கணினியில் ஒட்டிச் சேர்த்த படங்களே அவற்றில் இப்போது மிகுதி. பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கு நூறு என்று ஆயிரம் படிக்கு உறுதி சொன்னால், கையால் வரைந்த ஓர் ஓவியத்தை அச்சிட அச்சகத்தார் மறுக்கமாட்டார். திருவள்ளுவர் ஆண்டும் தமிழ் எண்ணும் இடச் சொன்னாலும் இடுவார். என்ன படம் என்பதை அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும். ஆனைக்குட்டத்தார்க்கு நீர்த்தேக்கம் இருக்கின்றது. விருதுநகரார்க்குச் சங்கரலிங்கனார் இருக்கின்றார். ஆடிக்குள் படம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வரைவதற்கு ஓவியர்க்கு ஒன்றரைத் திங்களாவது வேண்டும். ஆகவே வைகாசிக்குள் கடைக்காரர்களைப் பார்த்துவிடுங்கள். போகும்போது வீட்டுக்கு வேண்டிய பொருட்பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.